செப்புச் சதுரங்கள்

பீன்யா தொழிற்பேட்டையில் மரக்கடை ஒன்றுக்கும் பெயின்ட் குடோன் ஒன்றுக்கும் நடுவில் சேஷகிரியின் ஆண்டெனா கம்பெனி இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மாவு மில் என்றுதான் நினைக்கத் தோன்றும். உத்தமன் அங்கே வேலைக்குச் சேர்ந்தது 1991இல். அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகி, கிருத்திகா என்று மூன்று வயதில் ஒரு பெண்ணும் இருந்தாள்.

லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா முனியப்பன் காக்ஸ் டவுன் பேக்கரி ஒன்றில் அடுப்பு பார்த்தார். தமிழ் வீட்டிலும் கன்னடம் பள்ளிக்கூடத்திலும் உருது தெருவிலும் உத்தமனுக்குத் தானாக வந்து சேர்ந்தன. டிவி வந்த புதிதில் தெருவில் யார் வீட்டில் படம் ஆடினாலும் அவனைத்தான் மொட்டைமாடிக்கு ஏற்றுவார்கள். கீழேயிருந்து "இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல! போதும், போதும், ஐயோ, படம் பூடிச்சி பாரு!" என்று கத்துவார்கள். டிப்ளமோவுக்குச் சேர்ந்தபோதே அந்தத் தெருவுக்கு அவன் 'ஆண்டெனா உத்தமன்'. டிப்ளமோ முடித்து, பகலில் வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் பி.இ.யும் முடித்தான். பெயர் எழுதி வைத்ததுபோல் ஆண்டெனா கம்பெனியிலேயே வேலையும் கிடைத்தது.

அவன் வேலை, செய்த ஆண்டெனாவை மாடியில் ஒரு சுழலும் கம்பத்தில் ஏற்றி அளப்பது. எதிர்மாடியிலிருந்து சிக்னல் வரும். ஆண்டெனா சுற்றச் சுற்ற, எந்தத் திசையில் எவ்வளவு வாங்குகிறது என்று ஒரு பேனா காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டே போகும். மூன்று வருஷம் அவன் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரூபினி வந்தாள்.

ரூபினி மர்ஃபி டவுன்காரி. அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். பௌத்தக் குடும்பம். புத்த பூர்ணிமாவுக்கு லீவு கேட்ட ஒரே ஆள் என்று கம்பெனியில் அவளைச் சொல்வார்கள். மைக்ரோவேவ் பொறியியலில் எம்.இ. படித்துவிட்டு டிசைன் பிரிவுக்கு வந்திருந்தாள். வந்த வாரமே மாடியேறி வந்து, அவன் தோளுக்குப் பின்னால் நின்று காகிதத்தைப் பார்த்தாள்.

"பின்பக்கம் ஏன் இப்பிடி வீங்கிகினு இருக்கு?" என்றாள்.

"எல்லா ஆண்டெனாவுக்கும் அப்பிடித்தாங்க மேடம் இருக்கும்."

"அது தெரியும். ஏன் அப்பிடி இருக்குன்னுதான் கேட்டேன்."

அன்று மதியம் சாப்பாட்டு வேளை முழுக்க அவள் அதைத்தான் பேசினாள். ஆண்டெனாவுக்குக் கீழே ஒரு உலோகத் தகடு இருக்கிறது. சிக்னல் மேலே மட்டும் போனால் நல்லது. ஆனால் கொஞ்சம் தகட்டின்மேல் ஒட்டிக்கொண்டு ஊர்ந்து, விளிம்புக்கு வந்து, கீழே வழிந்துவிடுகிறது. உத்தமன் டிபன் டப்பா மூடியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கொஞ்சம் மோரை ஊற்றினான். மோர் பரவி விளிம்பில் வழிந்தது. "இப்பிடியா?" என்றான்.

"இதேதான்!" என்றாள் ரூபினி. அன்றிலிருந்து அவர்களுக்குள் மேடம், சார் போய்விட்டது.

அடுத்த வருஷம் மங்களூரிலிருந்து சுந்தரராமன் என்பவர் வந்தார். மீன்பிடிப் படகுகளுக்குக் கருவிகள் விற்பவர். படகு எங்கே இருக்கிறது என்று சாட்டிலைட்டைக் கேட்டுச் சொல்லும் கருவி அப்போதுதான் வந்திருந்தது. வானத்திலிருந்து வரும் சிக்னல் நேராகவும் வருகிறது, கடலில் பட்டுத் தெறித்து அடியிலிருந்தும் வருகிறது. கருவி எதை நம்புவது என்று தெரியாமல் குழம்புகிறது. அடியிலிருந்து வருவதை வாங்காத ஆண்டெனா வேண்டும் என்றார் அவர்.

இதற்கு ஊரறிந்த வழி ஒன்று உண்டு. தகட்டில் வட்டம் வட்டமாக ஆழமான பள்ளங்களைக் கடைந்துவிட்டால் ஊர்ந்து வரும் அலை பள்ளத்தில் விழுந்து அங்கேயே அடங்கிவிடும். கடைந்து கொடுத்தார்கள். கோடு அழகாக வந்தது. சுந்தரராமன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "இது ஆண்டெனாவா, அம்மிக்கல்லா? கம்பத்து உச்சியில வெச்சா போட்டே கவுந்துடும் சார்."

அம்மிக்கல்லை அப்பளமாக்க வேண்டும் என்பதுதான் அதன்பிறகு அவர்கள் இருவரின் வேலையாகிவிட்டது. ரூபினிக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. ஆழமான பள்ளத்துக்குப் பதில், மெல்லிய பலகையின் மேல் சின்னச் சின்னச் செப்புச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒரு ஊசி, அடித்தகட்டைத் தொட்டுக்கொண்டு. கிட்டக் கிட்ட நட்ட குடைகள் மாதிரி. ஓடிவரும் அலை ஒவ்வொரு குடைக்கடியிலும் புகுந்து சிக்கி நின்றுவிட வேண்டும். சதுரம் எவ்வளவு பெரிது, இடைவெளி எவ்வளவு என்று அவள் கணக்குப் போட்டாள். உத்தமன் செப்பை வெட்டி, துளை போட்டு, ஊசியைச் செருகி, ஒவ்வொன்றாக ஈயம் வைத்தான்.

முதல் தகடு, ஒன்றும் செய்யாத வெறும் தகட்டைவிட மோசமாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. அவன் பற்றவைத்தது சரியில்லை என்று அவளும், அவள் கணக்கு சரியில்லை என்று அவனும் சண்டை போட்டுக்கொண்டார்கள். இரண்டும் உண்மை என்று பிறகு தெரிந்தது. சேஷகிரி மாடிக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்று பார்ப்பார். "இது சென்னாகிதே உத்தமன், நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த தமாஷா எப்போ முடியும்?" என்பார். ஆனாலும் ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை.

தொண்ணூற்றேழு பிப்ரவரியில் ஒரு பிற்பகல். கம்பம் சுற்றியது. பேனா முன்பக்கத்தில் மேடாக ஏறி, பின்பக்கத்துக்கு வந்ததும் சரசரவென்று இறங்கிக் காகிதத்தின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"மை தீந்துச்சா?" என்றாள் ரூபினி.

உத்தமன் பேனாவை எடுத்து உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தான். எழுதியது. தகட்டைக் கழற்றி வெறும் தகட்டை மாட்டினான். பழைய வீக்கம் திரும்ப வந்தது. மறுபடி சதுரத் தகடு. பேனா மறுபடி படுத்துக்கொண்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரூபினி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள். தூசு என்றாள். மறுநாள் உத்தமன் அப்பாவின் பேக்கரியிலிருந்து தேங்காய்ப் பூரணம் வைத்த ஒரு முழு தில்பசந்த் வாங்கிவந்தான். கம்பெனியில் எல்லோரும் பிய்த்துத் தின்றார்கள், எதற்கென்று பாதிப் பேருக்குத் தெரியாது.

பிறகு யோசித்துப் பார்க்கும்போதெல்லாம், தன் வாழ்க்கையில் ஒரு பொருளை முழுசாகப் புரிந்துகொண்டு கையில் வைத்திருந்த காலம் அதுதான் என்று உத்தமனுக்குத் தோன்றும்.

ஆனால் ஒருமுறை வந்தது ஒவ்வொரு முறையும் வரவில்லை. வெயில் ஏறினால் சிக்னல் அடங்கும் இடம் கொஞ்சம் தள்ளிப்போயிற்று. படகின் இரும்புக்கு அருகே வைத்தால் இன்னும் கொஞ்சம். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். படகில் மாட்டிய பிறகு, அங்கேயே சதுரங்களின் ஓரத்தைக் கத்தியால் மயிரிழை மயிரிழையாகச் சுரண்டிச் சரிசெய்து, தண்ணீர் புகாமல் மேலே ரெசின் பிசினை ஊற்றி மூடிவிடுவது. மழைக்காலத்தில் ரெசின் சரியாக இறுகாது. ஊற்றுவதற்கு முன்னால் தகட்டை நன்றாகச் சூடுகாட்ட வேண்டும். இதை உத்தமன் பலமுறை கெடுத்துத்தான் கற்றுக்கொண்டிருந்தான். யாரிடமும் சொன்னதில்லை. ஒளிக்க வேண்டும் என்றில்லை. அவன்தானே செய்யப்போகிறான்!

தொண்ணூற்றெட்டில் கம்பெனி தள்ளாட ஆரம்பித்தது. வெளிநாட்டு ஆண்டெனாக்கள் சல்லிசாக வந்து இறங்கின. சம்பளம் தள்ளித் தள்ளி வந்தது. உத்தமனின் மனைவி சாந்தகுமாரியின் தம்பி பாலகுமார் ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி குழம்பிவிடும் என்று ஊரெல்லாம் ஆள் எடுத்துக்கொண்டிருந்த நேரம்.

"மாமா, நீங்க அந்த பீன்யால தகரம் வெட்டிகினு இருக்கறது போதும்," என்றான் பாலகுமார். "மூணு மாசம் நான் சொல்லித் தரேன். மிச்சத்த அவங்களே ட்ரெய்னிங் குடுப்பாங்க."

சாந்தகுமாரி ஒன்றும் வற்புறுத்தவில்லை. "உங்களுக்கு எது தோணுதோ செய்ங்க," என்றாள். அவள் வற்புறுத்தியிருந்தால் பின்னால் அவள்மேல் பழியைப் போட்டிருக்கலாம். அந்த வசதியும் அவனுக்கு இல்லாமல் போயிற்று.

வேலையை விடப்போவதை ரூபினியிடம் சொன்னபோது அவள் சதுரத் தகடு ஒன்றை மேசைமேல் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மங்களூர் ட்ரயல்?" என்றாள்.

"அதுக்கு நான் வரேன் ரூபினி. மழை விட்டு போட் இறங்கறப்ப சொல்லுங்க. லீவு போட்டுட்டு வந்து நிப்பேன்."

"நெஜமாவா?"

"என்னாங்க இது! நான் இல்லாம அது எப்பிடி ஆகும்?"

"ஆகாது," என்றாள் ரூபினி. முகஸ்துதியாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

ஒயிட்ஃபீல்டில் அவனுக்கு எல்லாம் புதிதாக இருந்தது. கம்பெனி பஸ், கழுத்தில் அட்டை, குளிரூட்டிய அறை. டீம் லீடர் அனுஷா அவனைவிடப் பத்து வயது சின்னவள். கெட்டிக்காரி, நல்லவள். உத்தமனுக்குத்தான், வயசு கடந்து வந்தவன் என்று தன்னை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் இருந்துகொண்டே இருந்தது. யார் எதைச் செய்யச் சொன்னாலும் சரி என்றான்.

செப்டம்பரில் ரூபினி ஃபோன் செய்தாள். படகு தயார், சனி ஞாயிறு ட்ரயல், வெள்ளி மாலை பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றாள். குரலில் பழைய துள்ளல் இருந்தது. உத்தமன் பையில் கத்தியும் ஈயக்கோலும் எடுத்து வைத்தான். வெள்ளிக்கிழமை மதியம் அனுஷா அவன் மேசைக்கு வந்தாள். "உத்தமன், இந்த வீக்எண்ட் ஏதாவது வேலை இருக்கா? அமெரிக்கால ஒரு ப்ராப்ளம்…"

"இல்ல, இல்ல, இருக்கேன்," என்றான் அவன், அவள் பேசி முடிப்பதற்குள்.

ஊருக்குப் போகவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அனுஷா வேறு யாரையாவது கேட்டிருப்பாள். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வரவில்லை. ஏன் வரவில்லை என்று அதற்குப் பிறகு எத்தனையோ முறை தன்னையே கேட்டுக்கொண்டான்.

ரூபினிக்கு ஃபோன் போட்டான். "வேற வழியில்ல ரூபினி. திடீர்னு வந்துச்சு."

"சரி. பரவால்ல."

"ட்யூனிங் நீங்களே பண்ணிடுவீங்க. நான் பண்றத எவ்ளோ தபா பாத்திருக்கீங்க."

"பண்ணிடறேன்."

தகட்டைச் சூடுகாட்ட வேண்டும் என்ற விஷயம் திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில், மாரத்தஹள்ளி நெரிசலில் நிற்கும்போது நினைவுக்கு வந்தது. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அதற்குள் தகடு கடலுக்குள் போயிருக்கும்.

ஒரு மாதம் அவன் யாருக்கும் ஃபோன் செய்யவில்லை. பிறகு மனசு கேட்காமல் சேஷகிரிக்குச் செய்தான். அவர் கோபப்படவில்லை. "மொதல் நாள் ரொம்ப சென்னாக இருந்துச்சு உத்தமன். ரூபினி நல்லா ட்யூன் பண்ணிட்டா. ரெண்டாம் நாளே உப்புத்தண்ணி உள்ள பூந்து எல்லாம் பச்சை ஆகிப்போச்சு. சுந்தரராமன் ஃபாரின் ஆண்டெனாவுக்கே போயிட்டார். என்ன பண்றது, பிடு!" விட்டுத் தள்ளு என்றார். அடுத்த உகாதிக்குள் கம்பெனியை மூடி, இயந்திரங்களை விற்றுவிட்டார்.

ரூபினி ஒரே ஒருமுறை வீட்டுக்கு ஃபோன் செய்திருந்தாள். உத்தமன் அப்போது வீட்டில் இல்லை. "ஒண்ணுமில்லியாம், சும்மா பண்ணாங்களாம்," என்றாள் சாந்தகுமாரி. திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று நினைத்தான். என்ன சொல்வது என்று யோசித்து நாள் தள்ளினான். ஒருநாள் துணிந்து கூப்பிட்டபோது அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று குரல் வந்தது. மர்ஃபி டவுன் லிங்கராஜபுரத்திலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. ஸ்கூட்டரில் போனால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். போகவில்லை.

இரண்டாயிரம் பிறந்தது, கம்ப்யூட்டர்கள் குழம்பவில்லை, உத்தமனை யாரும் வெளியே அனுப்பவும் இல்லை. ஒருநாள் இன்டர்நெட்டில் எதையோ தேடப்போய் ஒரு படம் கண்ணில் பட்டது. வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் படம். மெல்லிய பலகை, அதன்மேல் வரிசையாகச் சின்ன உலோகத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு புள்ளி. அங்கே யாரோ அவர்கள் பாட்டுக்கு யோசித்து, விடாமல் செய்து முடித்திருக்கிறார்கள். பொறாமை வரவில்லை. இதை ரூபினி பார்த்திருப்பாளா என்றுதான் முதலில் தோன்றியது. பார்த்தபோது பக்கத்தில் யாராவது இருந்திருப்பார்களா என்று அடுத்தது தோன்றியது. அன்று மதியம் அவனால் சாப்பிட முடியவில்லை.

2006இல் கிருத்திகாவுக்கு நகரத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் இடம் கிடைத்தது. முதலாண்டுப் பெற்றோர்களை அழைத்துத் துறையைச் சுற்றிக்காட்டினார்கள். லேப் வாசலில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். முன்தலை நரைத்திருந்தது. உத்தமன் முதலில் அடையாளம் கண்டது முகத்தை அல்ல. "அது ஏன் அப்பிடி இருக்கு?" என்று ஒரு மாணவனைக் கேட்ட குரலைத்தான்.

"ரூபினி," என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "உத்தமன்! முடியெல்லாம் எங்க போச்சு?"

மற்றவர்களெல்லாம் மாணவர்களோடு நகர்ந்ததும் அவனை உள்ளே அழைத்துப் போனாள். சுவரோரம் அலமாரியில் வரிசையாகப் பலகைகள். செப்புச் சதுரங்கள், அறுகோணங்கள், சுருள்கள். சில தபால்தலை அளவுக்குச் சிறிதாகியிருந்தன. எல்லாம் அவளுடைய மாணவர்கள் செய்தவை. பரபரப்போடு கம்ப்யூட்டரில் ஒரு வரைபடத்தைத் திறந்தாள். "இத பாருங்க. ரெண்டு ஃப்ரீக்வென்சி பேண்ட்லயும் அடங்குது. ஆனா இந்த எடத்துல மட்டும் ஃபேஸ் இப்பிடித் திரும்புது. ஏன்னு சொல்லுங்க பாக்கலாம்!"

உத்தமன் திரையைப் பார்த்தான். கோடுகள் தெரிந்தன. ஏறின, இறங்கின. அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. ஒருகாலத்தில் பார்த்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். எட்டு வருஷத்தில் அந்தப் பாஷை தன்னைவிட்டுப் போய்விட்டிருந்தது. அது இந்த நிமிஷம்தான் அவனுக்கே தெரிந்தது. "ஆமா… ஆமா," என்று தலையாட்டினான்.

ரூபினி அவன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல், நாற்காலியைக் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலால் ஒரு தகட்டை வரைந்தாள். "மொதல்ல, அலை இங்க வருதுன்னு வெச்சுக்குங்க…" என்று மெதுவாக, பொறுமையாகச் சொல்ல ஆரம்பித்தாள். முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லும் குரல் அது. அவன் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணை நிமிர்த்த முடியவில்லை.

அவள் முடித்ததும் கேட்டுவிட்டான். "அன்னிக்கு நான் வந்திருந்தா?"

ரூபினி பென்சிலைக் கீழே வைத்தாள். "தெரியல. அது தாங்கிருக்கும்னு சொல்ல முடியாது. உப்பு வேற எங்கயாவது பூந்திருக்கும்." அலமாரியிலிருந்த பலகைகளைப் பார்த்தாள். "தகட்டைச் சூடு பண்ணணும்னு ஒரு வருஷம் கழிச்சுத்தான் நானா கண்டுபுடிச்சேன். அது உங்களுக்கு அப்பவே தெரியும்தானே?"

"தெரியும்."

"ஃபோன்ல சொல்லிருக்கலாம்." குரலில் கோபமில்லை. "அது கூடப் பரவால்ல உத்தமன். வர்றப்ப பஸ்ல பக்கத்து சீட் காலி. அந்தக் கெட்டுப்போன தகட்டை அதுல வெச்சுகினு வந்தேன். யார்கிட்டயாவது பேசணும்போல இருந்துச்சு. அதான்."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ஒரு மாணவி வந்து மேடம், பிரின்சிபால் கூப்பிடறாங்க என்றாள். ரூபினி எழுந்து அவன் தோளை லேசாகத் தட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது கிருத்திகா கல்லூரிக் கதை பேசிக்கொண்டிருந்தாள். "அப்பா, ரூபினி மேடம் உங்கள விசாரிச்சாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வேலை செஞ்சீங்களாமே? எங்கிட்ட சொல்லவே இல்ல!"

"செஞ்சோம்."

"என்ன செஞ்சீங்க?"

உத்தமன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான். மங்களூர், படகு, கடலில் பட்டுத் தெறிக்கும் சிக்னல். அதுவரை சரியாக வந்தது. சதுரங்களுக்கு வந்ததும், அவை ஏன் அப்படி வேலை செய்கின்றன என்ற இடத்தில் நின்றுவிட்டது. கிருத்திகா காத்திருந்தாள். சாந்தகுமாரி ரசத்தை ஊற்றிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மிச்சத்த அவங்களையே கேளும்மா," என்றான் அவன். "அவங்க சொன்னாத்தான் வெளங்கும்."